பெரிக்கிளீஸின் கீர்த்தியும் நடேசய்யரின் கீர்த்தியும்

இலங்கையில் உயர்தர வகுப்பின் கலைப்பிரிவிற் சேரும் மாணவர்களுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் என்றொரு பாடம் இருக்கிறது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், தகப்பன் கவ்வாத்து மலைக்கும் தாய் கொழுந்து மலைக்கும் போயிருக்க, லயம் என்னும் வரிசை வீட்டின் வாசலில் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள், ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெரிக்கிளீஸ் என்னும் ஏதென்ஸ் நகரத்து அரசியல் தலைவரைப் பற்றி, அவர் கட்டுவித்த கோயில் எது, அவர் செய்த பிரசங்கம் எது, அவர் எந்தக் கொள்ளைநோயில் மாண்டார் என்பது வரையிற் பிசகாமற் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் பஸ் ஏறி இறங்கும் ஹட்டன் நகரத்தில், 1931ஆம் ஆண்டில், அவர்களுடைய பூட்டன் பூட்டிகளை ஒன்றுகூட்டித் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சங்கத்தை ஸ்தாபித்த கோ. நடேசய்யரைப் பற்றிக் கேட்டால், நாலு வாக்கியம் தொடர்ந்து சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலராகவே இருப்பார்கள். மாணவர்களைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. தலைவர்களின் கீர்த்தி என்பது அவர்கள் செய்த காரியத்தின் அளவைப் பொறுத்துத் தானாகவே நமக்கு வந்து சேருகிறதென்று பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் அந்தக் கீர்த்தி யார் யாருடைய கைகளின் வழியாக வந்து சேருகிறதென்பதை இவ்விருவருடைய சரித்திரத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கும்போது தெளிவாகக் காணலாம் என்பதே என் அபிப்பிராயம்.

பெரிக்கிளீஸ் கி.மு. 429இற் காலமானவர். கி.மு. 443 முதற்கொண்டு ஏறக்குறைய 15 ஆண்டுகள், வருஷந்தோறும் நடந்த தேர்தலிற் படைத்தலைவர்களுள் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, அரசபதவி ஒன்றும் இல்லாமலே ஒரு நகரத்தின் போக்கைத் தம் வாக்குவன்மையினால் நடத்தியவர். பார்த்தெனான் ஆலயம் அவர் காலத்தில், கி.மு. 447க்கும் 432க்கும் இடையில், எழுந்தது. எனினும், அவர் தம் கைப்பட ஒரு நூலேனும் எழுதி வைத்தவரல்லர். சபைக்கு அவர் கொண்டுவந்த தீர்மானங்களைத் தவிர அவர் எழுத்தென்று ஒன்றும் எஞ்சவில்லையென்று, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அவர் சரிதத்தை எழுதிய புளூட்டார்க்கே கூறுகிறார். அவர் பேச்சு இடிபோல முழங்கிற்று என்று நாடகக் கவிகள் பரிகாசமாகச் சொன்னதுண்டு. அவருடைய தலை நீண்டிருந்ததைக் கேலி செய்ததும் உண்டு. அவரை ஊரைவிட்டு நீக்க விரும்பிய பிரஜைகள் அவர் பெயரைக் கீறிப் போட்ட ஓட்டுத் துண்டுகள் சிலவும் ஏதென்ஸ் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவும் சேர்ந்தாலும், ஒரு மனிதனை உலகம் மறவாதிருப்பதற்குப் போதாது.

போதுமானதாக அமைந்தது துசிடைடீஸ் என்னும் சரித்திராசிரியரின் எழுத்து. அவரும் ஒரு படைத்தலைவர். ஒரு நகரத்தைக் காக்கத் தவறியதற்காக நாடு கடத்தப்பட்டு, 20 ஆண்டுகள் அந்நிய நிலத்தில் இருந்தபடி தம் ஊரின் யுத்தத்தைப் பற்றி எழுதியவர். யுத்தத்தின் முதலாண்டு முடிவிலே, மாண்ட வீரர்களுக்குப் பெரிக்கிளீஸ் ஆற்றிய சரம உரை நமக்குக் கிடைப்பது அவருடைய நூலின் வழியாகத்தான். பேசப்பட்ட சொற்களை அப்படியே நினைவில் நிறுத்துவது அரிதென்றும், பேசியவரின் கருத்தை இயன்றவரை ஒட்டி, அந்தச் சந்தர்ப்பத்துக்கு எது பொருந்துமோ அதைத் தாம் எழுதியிருப்பதாகவும் அவர் ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார். புகழ்பெற்றவர்களுக்குப் பூமி முழுவதுமே சமாதி என்னும் கருத்து அந்த உரையில் வருகிறது. அந்தக் கருத்தைச் சொன்னவர் பெரிக்கிளீஸாகவே இருக்கலாம். அது நம் காது வரைக்கும் வந்ததற்குக் காரணம், ஊரை இழந்த ஒருவர் எழுதுகோலைக் கீழே வைக்காமல் இருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம்.

நடேசய்யர் தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர். அங்கே ‘வர்த்தகமித்திரன்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர். வியாபாரம், கணக்கு முதலிய விஷயங்களைத் தமிழில் எழுதியவர். முதல் உலக யுத்த காலத்தில் வர்த்தகர்களின் காரியமாக இலங்கைக்கு வந்த அவருக்கு, மலைநாட்டிலே தம் நாட்டு ஜனங்கள் லட்சக்கணக்கில் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணால் காண வேண்டுமென்ற ஆசை உண்டாயிற்று. அந்த ஆசையை நிறைவேற்றிக் கொள்வது எவ்வளவு கடினம் என்பதை இன்றைய வாசகர் உணர வேண்டுமானால், அக்காலத்துத் தோட்டம் எப்படி இருந்ததென்பதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும்.

தோட்டம் என்பது, துரை என்னும் தோட்ட நிர்வாகியின் ஆளுகையிலிருந்த தனியார் நிலம். வழி, ஆறு, கோயில், லயம் எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியாள் ஒருவன் உத்தரவில்லாமல் உள்ளே காலெடுத்து வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்கு ஆளாவான். விடியுமுன் தப்பு முழங்க, பிரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஆட்பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவார். கொழுந்து நிறை குறைந்தால் முழுநாட் கூலியாகிய முழுப்பேர் அரைப்பேராகும். பெரிய கங்காணி என்பவர் இந்தியாவுக்குப் போய் ஆள்கட்டிக் கொண்டு வந்தவர். வந்த செலவு முழுவதும் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறியிருக்கும். அவருக்கோ, தமக்குக் கீழே வேலைக்குப் போகும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு கிடைக்கும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் விவரம் எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும்; அந்தத் துண்டு இல்லாதவனை வேறெந்தத் துரையும் சேர்க்கமாட்டார். துண்டு முறை 1921இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் பிரட்டுக்களமும் பெரிய கங்காணியும் கடனும் அந்தச் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை.

இப்படி அடைத்து வைத்திருந்த தோட்டங்களுக்குள்ளே நடேசய்யர் புடவை வியாபாரியின் வேஷத்திற் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். தோட்டங்களுக்குள் தாராளமாக நடமாட விடப்பட்டவர்கள் புடவைக்காரர்களும் சில்லறைச் சாமான் விற்பவர்களுமே ஆவர். சம்பள நாளை ஒட்டித் தோளில் மூட்டையோடு வந்து, லயத்துக் காம்பிராவின் வாசலில் மூட்டையை அவிழ்த்துப் புடவையை விரித்துக் காட்டிவிட்டு, கடனுக்குக் கொடுத்து, அடுத்த மாதம் வந்து வாங்கிக் கொண்டு போகும் அவர்களைக் காவற்காரர் தடுப்பதில்லை. படித்த பிராமணர் ஒருவர், சபைகளிலே ஆங்கிலத்திற் பிரசங்கம் செய்ய வல்லவர், தோளில் அந்த மூட்டையை ஏற்றிக் கொண்டு லயம் லயமாகப் போய், என்ன சம்பளம், எவ்வளவு கடன், பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் ஓய்வு என்று புடவை பேரம் பேசும் சாக்கிற் கேட்டு அறிந்து வந்தார் என்பதை நினைக்கும்போது, பிற்காலத்தில் அவர் பேசியவற்றில் இருந்த பலம் எங்கிருந்து வந்ததென்று புரிகிறது. கேள்வி ஞானத்தைக் கொண்டு பேசுகிறவருக்கும், பார்த்ததைப் பேசுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் துரைமார் உடனே கண்டு கொண்டார்கள். அவரை அவ்வளவு பகைத்ததற்கும் அதுவே காரணம்.

1920ஐ ஒட்டி அவர் இலங்கையிலேயே தங்கினார். டாக்டர் ஈ. வி. இரத்தினத்தோடு சேர்ந்து ‘தேசநேசன்’ பத்திரிகையிற் பணி செய்தார், 1924இல் ‘தேசபக்த’னைத் தொடங்கினார், ஆங்கிலம் படித்தவர்களுக்கென்று ‘சிட்டிசன்’, ‘பார்வேர்டு’ என்னும் பத்திரிகைகளையும் நடத்தினார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்க தலைமை தாங்கிய தொழிற்சங்கத்தில் உபதலைவராக இருந்து, துறைமுகத்திலும் நகரத்திலும் சிங்களத் தொழிலாளரோடும் இந்தியத் தொழிலாளரோடும் ஒரே மேடையில் நின்றார். 1925இல் சட்டநிரூபண சபைக்கு இந்தியர்களின் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டு, 1931 வரை அங்கே இருந்தார். தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்த அளவுச் சம்பளத்தை நிர்ணயிக்கும் 1927ஆம் ஆண்டுச் சட்டம் அவர் சபையில் இருந்த காலத்திலேயே நிறைவேறிற்று. அதன்படி மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்தச் சிறு தொகையையும் உலகப் பொருளாதார மந்தம் வந்தவுடன் குறைத்தார்கள்.

குணசிங்கவோடு இருந்த உறவு 1920களின் இறுதியில் முறிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகப் பெருக, இந்தியத் தொழிலாளர்களே அதற்குக் காரணம் என்னும் கோஷம் கொழும்பில் எழுந்தபோது, குணசிங்க அந்தக் கோஷத்தின் பக்கம் சாய்ந்தார், ஐயர் விலகினார். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் சரித்திரத்தில் இந்தப் பிரிவைவிடத் துக்ககரமான சம்பவம் அதிகம் இல்லையென்பது என் எண்ணம். ஆனால் அதன் பயனாகவே அவர் மலைக்கு வந்தார். 1931 ஜனவரியில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவாகி, ஹட்டன் அவருடைய தலைமைத் தானமாயிற்று.

அந்நாளைய கூட்டங்களைப் பற்றி ஆய்வாளர்களும் மூத்தவர்களும் கூறுவனவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டம் ஐயருடைய பிரசங்கத்தோடு தொடங்குவதில்லை; அவர் மனைவி மீனாட்சியம்மாளுடைய பாட்டோடு தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் வாங்கியவர்கள் அரிசி சாமான் வாங்கக் கடைவீதிக்கு இறங்கி வரும் நேரம். எழுத்து வாசனை இல்லாத ஜனங்கள், பிரசங்கம் என்றால் துரையும் கங்காணியும் என்ன சொல்வார்களோ என்று ஒதுங்கி நிற்கக் கூடியவர்கள், ஒரு பெண்குரல் தெரிந்த மெட்டிலே தங்கள் கஷ்டத்தைப் பாடக் கேட்டு நெருங்கி வருவார்கள். சம்பளக் குறைவு, கங்காணியின் கொடுமை, கடன், இலங்கையில் இந்தியர்களுக்கு எதிராக எழுந்த பேச்சு, எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருந்தன. பாட்டு முடிந்த பிறகு ஐயர் எழுந்து, அதே விஷயத்தைச் சட்டத்தோடும் கணக்கோடும் விளக்குவார். கூட்டம் கலையும்போது சிறு பிரசுரங்கள் கைமாறும். அவை லயத்துக்குப் போய்ச் சேரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர், வேலை முடிந்த இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பிரதியை வாங்கியவர் ஒருவராயினும், அதைக் ‘படித்தவர்’ ஒரு லயம் முழுவதும்.

1940இல் வெளிவந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் மீனாட்சியம்மாளின் பாட்டுப் புத்தகம் அந்த மேடைகளின் எச்சம். அதை எண்ணும்போது, பெரிக்கிளீஸின் சரமப் பேருரையை மதித்துப் படிக்கிற எனக்கு, அந்த உரையின் கடைசிப் பகுதியில் வரும் ஓரிடம் ஒவ்வொரு முறையும் உறுத்துவதுண்டு. கணவனை இழந்த பெண்களை நோக்கி, ஆண்களின் நாவிலே புகழாகவோ பழியாகவோ தங்கள் பேச்சு எவ்வளவு குறைவாக அடிபடுகிறதோ அவ்வளவுக்கு அவர்களுக்குப் பெருமை என்று பெரிக்கிளீஸ் உபதேசிக்கிறார். அவரோடு வாழ்ந்த அஸ்பாசியாவோ, வாக்குவன்மையிற் பெயர் பெற்றவள். அந்தப் பேருரைக்கே அவள் கையும் உதவிற்று என்று பிளேட்டோவின் நூலொன்றில் ஒரு பேச்சு வருகிறது. ஆனாலும் அவள் ஏதென்ஸ் சபையிலே ஒரு வார்த்தை பேச முடியாது. ஹட்டனிலோ, படிப்பறிவற்ற கூலிகள் என்று மேற்றட்டினர் இகழ்ந்த ஜனங்களுக்கு முன், ஒரு பெண் முதலிற் பேசினாள், பாட்டினாற் பேசினாள்; அவளுக்குப் பின்னரே தலைவர் பேசினார். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்களாயிருந்த ஒரு சமூகத்துக்கு அந்த வரிசைதான் நியாயமானது. தேசபக்தனைத் தயாரிப்பதிலும் நடத்துவதிலும் மீனாட்சியம்மாளின் பங்கு பெரிது. ஐயரின் கீர்த்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிற் சரிபாதியை அவருக்கு எழுதி வைக்க வேண்டும்.

சம்மேளனம் நீடித்து வளரவில்லை. மந்த காலத்தில் தேயிலை விலை விழுந்தது; ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; சங்கத்திற் சேர்ந்தவர்களைத் தோட்டத்தை விட்டு விரட்டுவது துரைமாருக்கு மிகச் சுலபமாயிற்று. ஐயரின் சுபாவத்திலும் ஒரு குறை இருந்தது: அவர் தனியாக நடந்தவர். எதிரிகளைச் சம்பாதிப்பதில் இருந்த வேகம், தமக்குப் பின் சங்கத்தை நடத்தக் கூடிய இரண்டாம் வரிசையை உண்டாக்குவதில் அவருக்கு இருக்கவில்லை. 1931இல் அமைந்த முதலாவது அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் அங்கத்தவராயிருந்து மந்திரியானவர் பெரி சுந்தரம். 1936 தேர்தலில் அதே ஹட்டனிலிருந்து நடேசய்யர் சபைக்குச் சென்று, 1947 வரை அங்கே இருந்தார். இதற்கிடையில், 1939இல் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதன் தொழிற்சங்கம் மலைநாடெங்கும் வேகமாகப் பரவிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட ஏழு பேர் காங்கிரஸின் சார்பில் வெற்றி பெற்றார்கள். அந்த வெற்றிக்கு உரம் போட்டவர் யாரென்பதைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் நேரமில்லை. ‘சுதந்திரன்’ பத்திரிகையின் ஆரம்பத்தில் ஆசிரியராக அமர்ந்து, கடைசிவரை எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்த ஐயர், அவ்வாண்டு நவம்பரிற் காலமானார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறையுமுன் வந்தது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையிற் பிறந்தவனாயிருந்தாலும், தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்று நிரூபிக்க வேண்டும். அல்லது தகப்பன் வழியிற் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே சரியாக நடவாத லயங்களில் எவன் எதைக் கொண்டு நிரூபிப்பது? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவரானார்கள்.

இந்த இடத்தில், பெரிக்கிளீஸைப் பற்றி மலைநாட்டுப் பிள்ளை அறிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கி.மு. 451இல், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸின் பிரஜைகளாயிருந்தால் மட்டுமே பிள்ளை பிரஜையாவான் என்னும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. ஜனநாயகத்தின் தந்தை என்று போற்றப்படும் அவர், யார் ‘ஜனம்’ என்பதை அவ்வளவு இறுக்கி வரையறுத்தார். அஸ்பாசியா மிலீற்றஸ் நகரத்துப் பெண். ஆகவே அவளிடம் பிறந்த மகனுக்குத் தகப்பனுடைய பெயரே வைக்கப்பட்டிருந்தும், தகப்பனுடைய சட்டமே அவனைப் பிரஜையல்லாதவனாக்கிற்று. கொள்ளைநோயில் முன்னைய மனைவியின் புதல்வர் இருவரும் மாண்ட பிறகு, வம்சம் அற்றுப் போகிறதே என்று பெரிக்கிளீஸ் தம் சட்டத்திலிருந்து தமக்கே விலக்குக் கேட்டு நின்றார்; அவருடைய துக்கத்தைக் கண்ட சபை இரங்கி, அந்த மகனுக்குப் பிரஜாவுரிமை அளித்தது. ஒரு தகப்பனின் கண்ணீருக்கு ஏதென்ஸ் சில மாதங்களில் இரங்கிற்று. இங்கேயோ, 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாமென்று விட்டு, இறுதியாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் விமோசனம் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம்!

பெரிக்கிளீஸின் பெருமையைக் குறைப்பதற்காக இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தையும், நட்பு நாடுகள் பாதுகாப்புக்காகக் கட்டிய பணத்திலிருந்து அவர் பார்த்தெனானைக் கட்டினார் என்ற குற்றச்சாட்டையும், ஜனங்கள் ஒரு கட்டத்தில் அவரைப் பதவியிலிருந்து இறக்கி அபராதம் விதித்ததையும், துசிடைடீஸும் புளூட்டார்க்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். அதனாலேதான் 25 நூற்றாண்டுகளாக அவரைப் பற்றி வாதிக்க முடிகிறது. வாதிக்கப்படுகிறவர் மறக்கப்படுவதில்லை. நடேசய்யருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அவர் மறைந்த பின் பல ஆண்டுகள் அவரைத் தூஷிப்பவரும் இல்லை, வாதிப்பவரும் இல்லை. பெரிக்கிளீஸைப் போலல்லாமல் அவர் ஏராளமாக எழுதியவர்: ‘நீ மயங்குவதேன்’ என்னும் கட்டுரைகள், ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’, தொழிலாளருக்கான சட்டப் புத்தகம், ‘பிளாண்டர் ராஜ் டு சுவராஜ்’ என்னும் ஆங்கில நூல், வருஷக்கணக்கான பத்திரிகைகள். அவ்வளவு எழுதியும், அவற்றைக் காத்து வைத்து எடுத்துச் சொல்ல ஆளில்லாமையால், ஒரு தலைமுறை அவரை ஏறக்குறைய இழந்துவிட்டது. வாக்குரிமையற்ற ஜனங்களுக்குப் பாடநூலில் இடமேது? பிரஜையாக எண்ணப்படாதவனின் தலைவன் தேசத்தின் தலைவனாக எப்படி எண்ணப்படுவான்? பிரஜாவுரிமைச் சட்டம் உயிரோடிருந்தவர்களோடு நில்லாமல், மாண்டவர்களின் ஞாபகத்தையும் நாடற்றதாக்கிற்று.

அவரை மீட்டவர்களுள் முதலிற் குறிப்பிட வேண்டியவர் குமாரி ஜயவர்தன. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியைப் பற்றி 1972இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், நடேசய்யருக்குரிய ஸ்தானத்தை ஆதாரங்களோடு நிலைநாட்டிற்று. சிங்களச் சமூகத்திற் பிறந்த ஒரு பெண்மணி, பழைய பத்திரிகைகளையும் அரசாங்கக் கோவைகளையும் பொறுமையாகப் புரட்டி, தமிழர் தாமே மறந்து கொண்டிருந்த ஒரு தமிழரின் பணியை எழுதினார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். தமிழில் அந்தப் பணியைத் தலைமேற் கொண்டவர் சாரல்நாடன். தோட்டத்து மண்ணில் வளர்ந்து, அந்தச் சூழலிலேயே வாழ்ந்து, ஓய்வு நேரங்களிற் சேகரித்த செய்திகளைக் கொண்டு 1988இல் அவர் வெளியிட்ட ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் நூலே இன்று ஐயரைப் பற்றி எழுதுகிற எவருக்கும் தொடக்கம். பின்னர் ஐயரின் பத்திரிகைப் பணியைப் பற்றியும் தனியாக எழுதினார். கிடைத்த ஓர் இதழிலிருந்து கிடைக்காத இதழ்களின் போக்கை ஊகித்தும், வயோதிகர்களின் வாய்மொழியை அச்சிட்ட ஆதாரத்தோடு ஒப்பிட்டும் அவர் செய்த வேலை, பல்கலைக்கழகங்களின் உதவியோடு செய்யப்பட வேண்டிய வேலை. அவர் தனியாகச் செய்தார். துசிடைடீஸின் பெயரைச் சொல்லும்போது என் மனத்தில் சாரல்நாடனின் பெயரும் கூடவே எழுகிறதென்றால் அது மிகையல்ல. இருவரும், அதிகாரத்தின் ஆதரவின்றி, தம் ஜனங்களின் கதை அழியக் கூடாதென்ற ஒரே கவலையினால் எழுதியவர்கள்.

இன்னும் மீட்க வேண்டியவை பல. தேசபக்தன் முழுத்தொகுதியாக ஒரே இடத்தில் இருந்து, வேண்டியவர் எடுத்துப் படிக்கும் நிலை வர வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, கணினியில் எவரும் பார்க்கும்படி வைத்து வருகிறார்கள். மலையக ஆவணங்களும் அவற்றுட் சேர்ந்து வருகின்றன. ஆனால் அவர்கள் படம் பிடிப்பதற்கு முதலிற் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் இன்னும் சில லயக் காம்பிராக்களிலே, தகரப் பெட்டியின் அடியில், கடவுச்சீட்டோடும் பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதியோடும் மடித்து வைக்கப்பட்டிருக்கக் கூடும். கூரை ஒழுகும் லயத்தில் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய பெட்டிகளைக் கழித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களிலுள்ள ஆசிரியர்கள், பாடசாலை விடுமுறையில் மாணவர்களைத் தத்தம் தோட்டங்களுக்கு அனுப்பி, 1950க்கு முற்பட்ட எந்தத் தாளையும், அது சம்பளச் சீட்டாயினும் பாட்டுப் புத்தகமாயினும், வாங்கிப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் செய்யலாம்; அதற்குப் பெரிய பணம் வேண்டாம்.

முக்கியமாகப் பாட்டுப் புத்தகங்களைத் தேட வேண்டும். அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களில், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும், இன்ன பாட்டின் மெட்டு என்று குறிப்பது வழக்கம். அந்த மெட்டுகளை அறிந்த வயோதிகர்கள் தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கக் கூடும். புத்தகத்தையும் அவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால், ஹட்டன் மேடையில் மீனாட்சியம்மாள் பாடியது எப்படி ஒலித்ததென்பதை ஒலிப்பதிவு செய்துவிடலாம்.